நகர வடிவமைப்பைக் கற்பிக்க மெய்நிகர்க் கண்ணாடி உதவுமா?

மெய்நிகர்க் கண்ணாடியை, அதாவது கண்ணில் மாட்டினால் கணினி உருவாக்கிய இடத்துக்குள் நிற்பதுபோல் காட்டும் கருவியை (VR headset), கொண்டு நகர வடிவமைப்பைக் கற்பிக்க முடியுமா, அதில் சுற்றியுள்ள இடம் மனித மனத்தையும் நடத்தையையும் எப்படிப் பாதிக்கிறது என்று ஆராயும் சூழல் உளவியலுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சில ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். முடியும்; ஆனால் கண்ணாடியை முதல் நாளே கையில் கொடுத்தால் பாடம் கெட்டுவிடும் என்பது என் அனுபவம்.

முதலில் மாணவர்களை நகரின் பெரிய போக்குவரத்து, சந்தை மையமான வார்விக் சந்திப்புக்கு அழைத்துப் போய், காய்கறியும் சாமந்தியும் விற்கும் காலைச் சந்தையிலும், பயன்படாமல் கிடந்த மேம்பாலத்துண்டின் மேல் இயங்கும் மூலிகைச் சந்தையிலும் நடக்க விடுவேன். திரும்பியதும் பார்த்த இடத்தை நினைவிலிருந்து வரையச் சொல்வேன். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களைப் பற்றி 1960இல் வெளியான ஆய்வில் அமெரிக்க நகரத் திட்டமிடலாளர் கெவின் லிஞ்ச் கையாண்ட வழி இது. பாதை, விளிம்பு, வட்டாரம், கூடுமிடம், அடையாளச் சின்னம் என்ற அவருடைய ஐந்து கூறுகளை அந்தப் படங்களைப் பார்த்த பிறகே சொல்லித் தருவேன். இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஒரு மாணவி பூக்கடைகளைப் பக்கம் நிறைய வரைந்திருந்தாள். தினமும் மினிபஸ் டாக்ஸியில் வரும் மாணவனோ டாக்ஸி நிலையத்தை நடுவில் வைத்து, பூக்கடைகளை அடியோடு விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகுதான் கண்ணாடி. தாங்கள் முன்மொழியும் மாற்றத்தைக் கணினி மாதிரியாக்கி, அதற்குள் மூன்று உயரங்களில் நிற்க வேண்டும்: நடப்பவரின் கண்மட்டம், தரையில் அமர்ந்து விற்பவரின் கண்மட்டம், குழந்தையின் கண்மட்டம். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கருவி பதிவுசெய்யும். அகலமாக இருக்கிறது, போதும் என்று மாணவர்கள் ஒப்புக்கொண்ட ஒரு சுரங்கப்பாதையில், மாலை வெளிச்சத்தை வைத்தபோது மாணவிகள் மீண்டும் மீண்டும் பின்னால் திரும்பிப் பார்த்தது பதிவாயிற்று. தான் பார்க்க வேண்டும், தன் முதுகுக்கும் மறைவு வேண்டும் என்ற மனித நாட்டத்தைப் பற்றி பிரிட்டிஷ் புவியியலாளர் ஜே ஆப்பிள்டன் 1975இல் எழுதியதை அன்று விளக்கியபோது யாருக்கும் அது வெறும் கோட்பாடாகத் தோன்றவில்லை.

கண்ணாடி பொய்யும் சொல்லும். அதற்குள் பலரும் தொலைவைக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். ஆகவே உள்ளே மதிப்பிட்ட தொலைவை வெளியே வந்து காலடியால் அளந்து பார்க்காமல் எவரும் சாலை அகலத்தைத் தீர்மானிக்கக்கூடாது என்பது என் வகுப்பு விதி. இங்கே கோடையான பிப்ரவரி மாதப் புழுக்கமும் அதில் தெரியாது. கூரையின் நிழல் அங்கே வெறும் அலங்காரம். வெயிலில் நின்று கறிவேப்பிலை வாங்கியவனுக்கே அது எதற்கென்று தெரியும்.

என் ஆயாவின் (பாட்டியின்) குடும்பத்தை டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்தவர்கள், இனவாரியாக மக்களைக் குடியிருப்புப் பகுதிகளில் பிரித்த நிறவெறிக் காலக் குழுப் பகுதிச் சட்டத்தின்கீழ் வரைபடத்தை மேலிருந்து பார்த்தே முடிவெடுத்தவர்கள். கண்மட்டத்தில் நான் இத்தனை பிடிவாதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கண்ணாடி வேண்டாம், சிலருக்குக் குமட்டும். வாங்கப் பணம் இல்லையென்றாலும் பாடத்தை நிறுத்த வேண்டியதில்லை. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நகர வடிவமைப்பாளர் டொனால்ட் ஆப்பிள்யார்டும் உளவியலாளர் கென்னத் கிரெய்க்கும் ஒரு சிறிய மாதிரி நிலப்பரப்புக்குள் கேமராவை ஊர்ந்து போகச் செய்துதான் இதே கேள்விகளை ஆராய்ந்தார்கள். நானும் முதல் ஆண்டில் அட்டைப்பெட்டித் தெருவும் ஒரு கைப்பேசியும் வைத்தே நடத்தினேன்.