ஒரு சிக்னல், நாலு சர்க்யூட்: கேள்வி பதில்

சில ஹெர்ட்ஸிலிருந்து சில நூறு ஹெர்ட்ஸ் வரையிலான சிக்னலைப் பெருக்கி, பல சர்க்யூட்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது பற்றி நண்பர்கள் கேட்டவை.

கே: அண்ணா, அதிர்வு சென்சாரிலிருந்து 2 மில்லிவோல்ட்தான் வருகிறது. 5 வோல்ட் சப்ளையில் எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) வைத்து 500 மடங்கு பெருக்கினேன். அவுட்புட் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சென்சார் போய்விட்டதா?

ப: சென்சாரைச் சந்தேகப்படாதீர்கள். எல்எம்358-இன் ஆஃப்செட், அதாவது சிக்னல் இல்லாதபோதும் இன்புட்டில் இருக்கும் பிழை வோல்ட்டேஜ், 7 மில்லிவோல்ட் வரைகூட இருக்கலாம், அதாவது உங்கள் சிக்னலைவிடப் பெரியது. அதையும் 500 மடங்கு பெருக்கினால் 3.5 வோல்ட். சிக்னல் ஆட இடம் ஏது?

அதிர்வுக்கு டிசி (மாறாமல் நிற்கும் வோல்ட்டேஜ்) தேவையில்லை. இன்புட்டைப் பாதி சப்ளையில், 2.5 வோல்ட்டில், நிறுத்துங்கள். ஃபீட்பேக்கிலிருந்து (அவுட்புட்டை இன்புட்டுக்குத் திருப்பும் இணைப்பு) கிரவுண்டுக்கு இறங்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடராக 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். டிசிக்கு கெயின் (பெருக்கும் மடங்கு) 1 ஆகிவிடும். சுமார் 0.7 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் முழு கெயின் கிடைக்கும்.

ஆன் செய்தவுடன் வேலை செய்யவில்லை என்று பிரித்துப் போட்டுவிடாதீர்கள். அந்தக் கெபாசிட்டர் ஃபீட்பேக்கின் 500 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக நிரம்ப ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். நானே முதல் தடவை நல்ல சிப்பைக் கழற்றிவிட்டேன்.

அப்புறம், எல்லோருக்கும் சொல்கிறேன்: கிரவுண்டுகளை ஒரே புள்ளியில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், அதாவது ஹம், உங்கள் சிக்னல் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும். பிறகு ஃபில்டர் போட்டால் சிக்னலும் சேர்ந்து போகும்.

கே: பெருக்கிய சிக்னலை நாலு சர்க்யூட்டுக்கும் வயரால் நேராக இணைத்துவிடலாமா?

ப: கூடாது. ஒன்றில் ஷார்ட் ஆனால் நாலும் விழும்.

கே: ஐயா, ஒரே ஆப்-ஆம்ப், ஒவ்வொரு கிளைக்கும் 100 ஓம் தொடர் ரெசிஸ்டர். இது போதாதா? 10 கிலோ ஓம் லோடில் இழப்பு 1 சதவீதம்தானே.

ப: நல்ல கேள்வி, கணக்கும் சரி. நாலும் ஒரே போர்டில் இருந்தால் போதும். கேபிளில் வெளியே போகிறதென்றால் ஒவ்வொரு கிளைக்கும் தனி பஃபர் (கெயின் 1 உள்ள ஆப்-ஆம்ப்) வையுங்கள்.

கே (அவரே): ரெசிஸ்டர்தான் பிரித்துவிடுகிறதே, நாலு பஃபர் வீண் செலவு இல்லையா?

ப: ஒரு கிளை ஷார்ட் ஆவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவுட்புட் 5 வோல்ட் என்றால் 100 ஓம் வழியாக 50 மில்லிஆம்பியர் கேட்கும். சாதாரண ஆப்-ஆம்ப்கள் பலவற்றால் அதைத் தர முடியாது. சிக்னலின் உச்சி வெட்டுப்படும், அந்த வெட்டு மற்ற மூன்று கிளைகளிலும் தெரியும். தனி பஃபர் இருந்தால் அந்த ஒரு கிளையோடு நின்றுவிடும். நாலு ஆப்-ஆம்ப் ஒரே சிப்பில் கிடைக்கின்றன, செலவைப் பெரிதாக நினைக்காதீர்கள்.

கே (அவரே): பஃபர் வைத்தால் 100 ஓம் எதற்கு?

ப: அதை எடுக்கவே எடுக்காதீர்கள். கேபிள் என்பது கெபாசிட்டர், மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். நீளக் கேபிளை நேராக மாட்டினால் பஃபர் தானாகவே ஆசிலேட் ஆகலாம், அதாவது இன்புட் இல்லாமலே அலையலாம். உங்கள் சிக்னல் 10 ஹெர்ட்ஸாக இருந்தாலும் சிப் அதைவிட மிக உயர்ந்த அதிர்வெண்ணில் ஊளையிடும். மல்டிமீட்டரில் தெரியாது, ஆசிலோஸ்கோப்பில்தான் தெரியும். நான் தனி பஃபருக்கு வாதாடுவதும் இதனால்தான்: ஒரே ஆப்-ஆம்ப் என்றால் ஒரு கேபிள் கெடுத்தால் எல்லாம் கெடும். ரெசிஸ்டரை ஃபீட்பேக் எடுக்கும் புள்ளிக்கு வெளியே போடுங்கள்.

கே: ஆன்டெனா சிக்னலை மூன்று டிவிக்குப் பிரிக்க?

ப: அது ரேடியோ அதிர்வெண். அந்தத் துறை தெரிந்தவரைக் கேளுங்கள்.

கே: எல்லாக் கிளையையும் நேராக இணைத்தால்...

ப: மேலே இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கே: நாலு பஃபர் போட்டேன், 100 ஓமும் போட்டேன். இருந்தும் ஹம் வருகிறது.

ப: கிரவுண்ட். முதல் பதிலிலேயே சொன்னேன். ஒரு கிளையை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழற்றுங்கள். ஹம் நின்றால், ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். எதை மாட்டும்போது திரும்ப வருகிறதோ, அந்தச் சர்க்யூட்டுக்கு வேறு வழியாகவும் ஒரு கிரவுண்ட் இருக்கிறது.