எண்ணாத நாளுக்கு எழுதிய எண்

கேள்வி: விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு, கோடியக்கரை சரணாலயத்தில் ஓர் ஆய்வுக் குழுவில் ஆறு மாதப் பயிற்சியாளராக இருக்கிறேன். வாரம் ஒரு நாள் சதுப்பில் குறித்த எட்டு இடங்களில் நின்று நீர்ப்பறவைகளை எண்ணிப் பதிய வேண்டும். ஜனவரியில் ஒரு நாள் காய்ச்சலோடு போனேன். கடைசி இரண்டு இடங்களுக்கு நடக்க முடியாமல் திரும்பிவிட்டேன். கட்டங்களை வெறுமையாக விடப் பயந்து, முந்தைய வார எண்களையே சற்று மாற்றி எழுதினேன். யாருக்கும் தெரியாது. எட்டில் இரண்டு, அதுவும் ஒரே நாள். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? சான்றிதழ் கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

சொல்லித்தான் ஆக வேண்டும். அதையும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். காய்ச்சலோடு வெயிலில் நடக்க முடியாமல் திரும்பியதில் உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. திரும்பிய பிறகு எழுதிய அந்த இரண்டு எண்களைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

முந்தைய வாரத்து எண் இந்த வாரத்துக்கும் ஏறக்குறையப் பொருந்தும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். வேறு எங்காவது அது ஓரளவு பொருந்தவும் கூடும், கோடியக்கரையில் பொருந்தாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வேதாரண்யம் சதுப்பில் நீர் மெல்ல மெல்ல வற்றுகிறது, உப்பு ஏறுகிறது, காற்று வீசும் போக்கில் ஆழமற்ற நீர் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. நீரில் நின்றபடி அலகால் அலசி மேயும் பூநாரைகளும், ஈரச் சேற்றில் அலகை நுழைத்து இரை தேடும் உள்ளான்களும் அந்த நீரின் பின்னாலேயே நகர்கின்றன. ஒரு வாரம் ஆயிரக்கணக்கில் நின்ற இடத்தில் அடுத்த வாரம் ஒன்றுகூட இல்லாமல் போவது அங்கே இயல்பு. அந்த ஏற்ற இறக்கத்தை அறியத்தான் வாரந்தோறும் உங்களை அங்கே நடக்கச் சொல்கிறார்கள். நீங்கள் எழுதிய எண்ணோ, அந்த வாரம் எதுவுமே மாறவில்லை என்று ஏட்டில் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

கணக்கெடுப்பு ஏட்டில் மூன்று வகையான பதிவுகள் உண்டு: எண், பூஜ்யம், வெற்றுக்கட்டம். பூஜ்யம் என்றால், போனேன், பார்த்தேன், பறவை இல்லை என்று பொருள். வெற்றுக்கட்டம் என்றால் பார்க்கவில்லை என்று பொருள். இளம்வயதில் நானும் ஒரு ஏரிக் கணக்கெடுப்பில், பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியாத காலையில், அக்கரைக்குரிய கட்டத்தில் பூஜ்யம் போட்டுக்கொண்டு வந்தேன். என்னோடு வந்த மூத்தவர் ஏட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “பறவை இல்லையா, உங்களுக்குத் தெரியவில்லையா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை இன்றுவரை நான் மறக்கவில்லை. வெற்றுக்கட்டம் இருந்தால் ஆய்வாளர் அந்த நாளைத் தவிர்த்துவிட்டுக் கணக்குப் போடுவார். அதற்கு வழிமுறைகள் இருக்கின்றன. எண்ணாத நாளுக்கு எழுதிய எண்ணை ஏட்டை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அது மற்ற எண்களோடு கலந்து உண்மையைப் போலவே நிற்கும்.

இரண்டு கட்டங்கள்தானே என்கிறீர்கள். 1967இல் சரணாலயமான அந்த இடம் 2002இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது ராம்சார் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஓர் ஈரநிலத்தில் வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் கூடுகின்றனவா, ஓரினத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதமாவது அங்கே தங்குகிறதா என்பவை ராம்சார் தகுதிக்கான அளவுகோல்களில் அடங்கும். உங்களைப் போல் யாரோ சேற்றில் நின்று எண்ணியதன் மேல்தான் அந்த அளவுகோல்கள் நிற்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து அந்தக் காட்டைச் சிதைத்தபோது, என்னென்ன இழந்தோம் என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடியவை புயலுக்கு முந்தைய ஏடுகள்தாம். உங்கள் ஏட்டையும் ஒருநாள் யாரோ அப்படிப் புரட்டுவார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். குழுத் தலைவரிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். “ஜனவரியில் இந்தத் தேதியில் ஏழாம், எட்டாம் இடங்களுக்கு நான் போகவில்லை, அங்கே எழுதியிருக்கும் எண்கள் நான் எண்ணியவை அல்ல” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சலைப் பற்றி அதற்குப் பிறகு சொல்லுங்கள். முன்னால் சொன்னால் சாக்காகத் தோன்றும். நீங்களாகவே ஏட்டை எடுத்துத் திருத்தாதீர்கள். அவர் சம்மதித்த பிறகு, பழைய எண் படிக்கும்படி தெரிய ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘கணக்கெடுக்கவில்லை’ என்று எழுதி, திருத்திய தேதியோடு கையொப்பமிடுங்கள். அழிப்பானோ வெள்ளை மையோ வேண்டாம். கணினியில் ஏற்றிய பதிவையும் அப்படியே மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

சான்றிதழ் நிச்சயம் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. அவர் கோபப்படலாம், பரிந்துரைக் கடிதம் தர மறுக்கவும் செய்யலாம். ஆனால், களப்பணியில் பல ஆண்டுகள் கழித்தவர்கள் பிழையைத் தாமாக வந்து சொல்பவரை எளிதில் கைவிடுவதில்லை என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இனி உடம்பு முடியாத நாளில், முதல்நாள் மாலையே தகவல் சொல்லி, உங்களுக்குப் பதிலாக வேறொருவர் போக முடியுமா என்று கேளுங்கள்; வேட்டைத்தடுப்புக் காவலர் ஒருவர் துணையில்லாமல் சதுப்புக்குள் தனியாக இறங்கவே வேண்டாம்.

இன்னொன்று. வேறு நாள்களிலும் இப்படி நடந்ததா என்று அவர் கட்டாயம் கேட்பார். அந்தக் கேள்வி உங்களைப் புண்படுத்தும். இருந்தாலும் அதைக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. வருந்தாமல், உங்கள் களக்குறிப்பேட்டையும் ஜிபிஎஸ் கருவியில் பதிவான நடைத்தடங்களையும் அவர் கையில் கொடுத்து, எல்லா வாரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.