சனம் "அவனுக்கு நல்லா வேணும்" என்றால் நாடகத்தில் எது குறைந்தது?

திருக்கோவிலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், ஆசிரியர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து ஒரு மணித்தியால நாடகம் போட்டிருக்கிறார். கதாநாயகன் ஒரு வட்டவிதானை, வயல்களுக்குக் குளத்துத் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுகிறவன். குடிப்பான், பெஞ்சாதியை அடிப்பான், தண்ணீர் விடுவதற்குக் காசு வாங்குவான். மாரி மழையில் குளம் நிரம்பிய இரவில் வெறியில் கிடந்து, மிஞ்சிய தண்ணீரை வெளியே விடும் வான்கதவைத் திறக்காமல் விடுகிறான். குளக்கட்டு உடைகிறது, வயல் வாடியில் காவலுக்குப் படுத்திருந்த அவனுடைய சொந்த மகனே வெள்ளத்தில் போய்விடுகிறான். "சனம் அழும் என்று நினைத்தேன். பின்னால் இருந்த ஒரு அம்மா 'அவனுக்கு நல்லா வேணும்' என்று சத்தமாகவே சொன்னா. குறையுள்ள மனிதன்தான் துன்பியல் நாயகன் என்று படித்தோம், இவனிடம் இவ்வளவு குறை இருந்தும் ஏன் எடுபடவில்லை?" என்று கேட்கிறார்.

தம்பி, அந்த அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறா. கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் கவிதையியல் என்ற நூலில் இதைத்தான் எழுதிவைத்தார். கெட்டவன் கெட்டுப்போனால் பார்ப்பவருக்கு ஒரு திருப்தி வரும், இரக்கமும் வராது பயமும் வராது. முழுக்க நல்லவன் ஒரு காரணமும் இல்லாமல் அழிந்தால் மனம் கசந்துபோகும், அதுவும் சரிவராது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன், நாலு பேர் மதிக்கிறவன், ஒரு ஹமார்த்தியாவால் விழவேண்டும் என்கிறார். அந்தச் சொல்லை நாங்கள் பாடப்புத்தகத்தில் "குணக்குறை" என்று எழுதிப் பழகிவிட்டோம், உங்கள் நாடகம் வழுக்கிய இடம் அதுதான்.

அந்தக் கிரேக்கச் சொல்லின் அடியில் இருப்பது குறி தவறுவது, எறிந்த ஈட்டி ஆளில் படாமல் போவது. எங்களுக்கு இதை விளங்கிக்கொள்ள வேறு பாஷை தேவையில்லை. "யானை பிழைத்த வேல்" என்று குறளில் வருகிறதே, யானைக்கு எறிந்து படாமல் போன வேல், அந்தப் பிழைதான் இது. இன்றைக்கும் நாங்கள் "தவறு செய்தேன்" என்று சொல்வது குறைவு, "பிழை விட்டுட்டன்" என்றுதான் வாயில் வரும். பிழை விட்டவன் ஏதோ ஒன்றுக்குக் குறி வைத்திருக்கிறான், அது பெறுமதியான குறி, ஆனால் வேல் வேறு எங்கேயோ போய்க் குத்திவிட்டது. உங்கள் வட்டவிதானை எதற்கும் குறி வைக்கவில்லை, வெறியில் படுத்துக் கிடந்தான். படுத்துக் கிடப்பவனிடம் வேலும் இல்லை, குறி பிழைக்கிறதுக்கு ஒரு யானையும் இல்லை.

கிரேக்க நாடகாசிரியர் சோபக்கிளிஸின் ஈடிப்பஸ் அரசனை எடுங்கள். ஊரில் கொள்ளைநோய். முன்னைய அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் அது நீங்கும் என்று தெய்வவாக்கு வருகிறது, கண்டுபிடித்தே தீருவேன் என்று சனத்துக்கு வாக்குக் கொடுக்கிறான். விசாரிக்க விசாரிக்க விசாரணை அவன் பக்கமே திரும்புகிறது. இனிக் கேட்காதே என்று மனைவி கெஞ்சுகிறாள், கிழட்டு இடையனும் கெஞ்சுகிறான், அவன் விடமாட்டேன் என்கிறான். விடாமல் கேட்கிற அந்தக் குணம்தானே முன்பு புதிரை அவிழ்த்து ஊரைக் காப்பாற்றியது, அதே குணம்தான் இப்போது அவனை முடிக்கிறது. அவனுடைய குறை என்ன என்று தனியாக வெட்டி எடுத்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது, அது அவனுடைய பெருமையோடு ஒட்டிக்கொண்டே கிடக்கிறது.

ஈடிப்பஸ் தூரமாகத் தெரிந்தால் எங்கள் கூத்துக் களரிக்கு வாருங்கள். நான் சின்ன வயதில் பார்த்த வடமோடிக் கூத்து ஒன்றில் கர்ணன் கவச குண்டலத்தைக் கொடுக்கிற கட்டம். விடியப்போகிற நேரம், அரச வேசத்தின் கரப்புடுப்பு வியர்வையில் நனைந்து தொங்க, கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தை இறக்கி அடிக்க, பிராமண வேசத்தில் வந்த இந்திரன் கை நீட்டி நிற்கிறான். வந்தவன் யார் என்று கர்ணனுக்குத் தெரியும், கொடுத்தால் போரில் சாவான் என்றும் தெரியும். எனக்குப் பக்கத்தில் பாயில் இருந்த பெத்தாச்சி ஒருத்தி, முப்பது தடவையாவது அந்தக் கூத்தைப் பார்த்தவவாக இருப்பா, "குடுக்காத மனே, குடுக்காத" என்று முணுமுணுத்துக்கொண்டே கண்ணைத் துடைத்தா. கொடுக்காமல் விட்டால் அவன் கர்ணனாக இருக்கமாட்டான் என்பதும் அவவுக்குத் தெரியும். தடுக்க வேணும்போல இருக்கிறது, தடுக்கவும் ஏலாது. உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரிவதைச் சொல்லும் தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாட்டில் அழுகையும் அச்சமும் இருக்கின்றன, அரிஸ்டோட்டில் கேட்கிற இரக்கமும் பயமும் அவற்றுக்குக் கிட்டவே வருகின்றன. அன்றைக்கு அந்த இரண்டும் சேர்ந்து ஒரு கிழவியின் வாயில் வந்ததை நான் கேட்டேன். (உங்களுக்குப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் மதங்க சூளாமணியில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சுவை வழியாகப் பார்த்திருக்கிறார். நாடகம் எழுதுகிறவர் ஒருமுறை தேடி வாசிக்கவேண்டிய புத்தகம்.)

கூத்துக்காரனுக்கு ஒரு வசதி இருக்கிறது. அரசன் களரிக்குள் வரும்போதே கட்டியகாரன் கூறி, வரவுப் பாட்டும் தாளக்கட்டும் சேர்ந்து, இவன் பெரிய ஆள் என்பதைச் சனத்தின் மனதில் ஏற்றிவிடும். அப்புறம் அவன் விழும்போது உயரத்தில் இருந்து விழுவது தெரியும். உங்கள் வட்டவிதானைக்கு வரவு இல்லை. முதற்காட்சியிலேயே போத்தலோடு வருகிறான், ஏற்கெனவே நிலத்தில் கிடப்பவன் எங்கே இருந்து விழுவது? அரசனாகப் பிறந்திருக்கவேண்டும் என்று இந்தக் காலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வயல் வட்டையில் தண்ணீர் பங்கிடுகிறவன் போதும், ஆனால் அந்த வட்டைக்கு அவன் பெரியவனாக இருக்கவேண்டும்.

அதனால் நான் செய்யச் சொல்வது இது. குடியை எடுங்கள், அடியை எடுங்கள், காசு வாங்குவதையும் எடுங்கள். நாற்பது வருசம் ஒருவருக்கும் முறை மாற்றித் தண்ணீர் விடாத மனிதன் என்று வையுங்கள். முதற்காட்சியில் நிறைய வயல் உள்ள பெரிய போடியார் ஒருவர் வந்து முறை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கட்டும், இவர் மறுக்கட்டும், பயிர் காய்ந்து நிற்கிற ஏழைப் பெண்பிள்ளை ஒன்றின் வயல் வரவைக்குத் தண்ணீர் முறைப்படி போகட்டும். சனத்துக்கு இவர் மேல் ஒரு பிரியம் வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த மழை இரவு. மகன் நனைந்துகொண்டு ஓடிவந்து "அப்பா, வானைத் திறங்க, கட்டுக் கசியுது" என்கிறான். திறந்தால் கீழ்க்கண்டத்து வயலில் கதிர் தள்ளிய பயிர் முழுக்கத் தண்ணீருக்குள் தாண்டுபோகும். மகனுடைய வாடி கட்டுக்கு நேர் கீழே. சொந்தப் பிள்ளைக்காகத் திறந்தார் என்று நாளைக்கு ஊர் சொல்லுமே என்பது அவருக்கு உறுத்துகிறது, காற்றுத் திரும்பிவிடும் என்று நாற்பது வருச அனுபவமும் சொல்கிறது. மறுக்கிறார். நேர்மைக்குத்தான் குறி வைத்தார், வேல் மகனில் பட்டது.

இந்த இடத்தில் மக்பெத்தைச் சொல்லி மடக்குவீர்கள் என்று தெரியும், அவன் தெரிந்தே கொல்கிறானே என்று. கொல்வதற்கு முன் அவன் தடுமாறுவதையும், கொன்ற பிறகு "ஆமென்" என்ற ஒரு சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டதையும் ஷேக்ஸ்பியர் எங்களைக் கிட்ட இருந்து கேட்கவைக்கிறார், அதனால் நாங்கள் அவனை விட்டு விலகுவதில்லை. முதல் நாடகத்தில் அது வேண்டாம், கை பழகட்டும்.

கடைசியாக ஒன்று, இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் நாடகத்தில் மகன் செத்த பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து வட்டவிதானையின் குற்றத்தை விளக்குகிறார். அவரை வெட்டிவிடுங்கள். விழுந்தவன் தானே காணவேண்டும், தன் வாயாலேயே சொல்லவேண்டும். வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரை படிக்கிறோம், அந்தப் பாண்டியன் சிலப்பதிகாரத்தில் என்ன செய்கிறான்? ஊடிப்போன தேவியிடம் போகிற அவசரத்தில் கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னவன். உடைத்த சிலம்பின் மணி தன் வாயருகே தெறித்ததும் ஒரு சாக்குச் சொல்லவில்லை. "யானோ அரசன், யானே கள்வன்" என்கிறான், தென்புலம் காத்த காவல் தன்னால் "பிழைத்தது" என்கிறான், பாருங்கள், அங்கேயும் அதே சொல். அவனைக் கொடியவன் என்று இன்றுவரை யாரும் ஏசுவதில்லை.

உங்கள் வட்டவிதானைக்கு இவ்வளவு வசனம் தேவையில்லை. விடியற்காலம், உடைந்த கட்டு, மகனைத் தூக்கி வந்து கிடத்தியிருக்கிறார்கள். ஊர் அவரைக் குறை சொல்லாமல் "நீங்க என்ன செய்யிற, மழைதானே" என்று தேற்றட்டும். அவர் இடுப்பில் இருந்து வான்கதவின் திறப்புச் சாவியை எடுத்து, தண்ணீர் முறைக்காகக் காத்திருந்த அந்தப் பெண்பிள்ளையின் கையில் கொடுத்து, "நான் பிழை விட்டுட்டன் மனே" என்று மட்டும் சொல்லட்டும். விளக்கை அந்த இடத்தில் இறக்குங்கள். பின்னால் இருக்கிற அம்மா என்ன சொன்னா என்று எனக்கு எழுதுங்கள்.