பிரிக்காத நாப்கின் பாக்கெட்

அன்புள்ள டாக்டருக்கு,

எனக்கு வயது 26. நிச்சயம் முடிந்துவிட்டது, தை மாதம் கல்யாணம். 4-ம் தேதி அவரும் நானும் நெருக்கமாக இருந்தோம். உடலுறவு இல்லை, உடையைக்கூடக் கழற்றவில்லை. அவருக்கு விந்து வெளியானது, ஆனால் உள்ளாடைக்குள்தான். பயந்து மறுநாளே அவசர கருத்தடை மாத்திரை போட்டேன். 16-ம் தேதி வர வேண்டிய பீரியட்ஸ் 22 ஆகியும் வரவில்லை. மூன்று முறை கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்கிப் பார்த்தேன், ஒற்றைக் கோடுதான். நம்பிக்கை வரவில்லை. அவரோ "ஒண்ணும் ஆகாது, தூங்கு" என்கிறார். அவரால் எப்படித் தூங்க முடிகிறது? அம்மா வேறு போன வாரம், "நாப்கின் பாக்கெட் பிரிக்காமலே கிடக்கே?" என்றார். அதிலிருந்து சோறு இறங்கவில்லை. பயமெல்லாம் எனக்கு மட்டும்தானா? அவருக்கு அக்கறையே இல்லையா? நான் கர்ப்பமா?

அன்புத் தோழிக்கு,

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், கர்ப்பமாக வழியில்லை. விந்து ஈரத்தோடு பெண்ணுறுப்புக்குள் சேர வேண்டும். இருவர் உடையைத் தாண்டி அது வராது. துணியில் காய்ந்ததும் விந்தணு செத்துவிடும். 5 நாள் உயிரோடிருக்கும் என்பது கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் உள்ளே மட்டும். உடையில்லாமல் பெண்ணுறுப்பின் வாயில் விந்து பட்டாலோ, விந்து ஈரமுள்ள விரல் உள்ளே போனாலோ சிறு வாய்ப்பு உண்டு. உங்களுக்கு அது நடக்கவில்லை.

அந்த மாத்திரை தேவையே இல்லை. அதிலுள்ள 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும்; அதனால் அந்த மாதக் கணக்கே ஒரு வாரம் முன்பின்னாகலாம். பட்டினியும் தூக்கமின்மையும் இன்னும் தள்ளலாம். 4-ம் தேதியிலிருந்து எண்ணினால் 25-ம் தேதியோடு 21 நாள் முடிகிறது; அதன்பின் கிட் காட்டும் முடிவை நம்பலாம். அன்று காலை முதல் சிறுநீரில் ஒருமுறை பாருங்கள், 5 நிமிடத்தில் முடிவைப் படித்துவிட்டுக் கிட்டைத் தூக்கிப் போடுங்கள். நேரம் கடந்து தெரியும் மங்கல் கோட்டுக்கு அர்த்தமில்லை. ஒற்றைக் கோடு என்றால், அதற்குமேல் கிட் வாங்காதீர்கள்.

உங்களுக்குச் சாப்பாடு நின்றது எப்போது? 4-ம் தேதி அல்ல, அம்மா கேட்ட அன்று. மூன்று கிட்டும் "இல்லை" என்ற பிறகும் பயம் போகாதது அதனால்தான். அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்பதை எந்தக் கிட்டும் சொல்லாது. அந்தப் பயத்துக்கான கோபத்தை அவர்மேல் இறக்கிவிட்டீர்கள். அவர் சொன்னது சரியான தகவல், தூங்கியது குற்றமில்லை. அம்மா கேட்டதை அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லையே. இன்றே சொல்லுங்கள்.

அம்மாவிடம், "நாள் தள்ளிப்போயிருக்கும்மா, இன்னும் ஒரு வாரம் பாத்துட்டு டாக்டர்கிட்ட போலாம்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. மருத்துவரிடம் மட்டும் மாத்திரை போட்டதை மறைக்காதீர்கள்.