அருகில் அமர ஒருவர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. புற்றுநோய் கல்லீரல் வரை பரவிவிட்டது. இனிச் சிகிச்சையால் நோயைக் குறைக்க இயலாது என்று கூறி, வலிக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் செவிலியர் வந்து பார்க்கிறார். மருத்துவப் பயிற்சி இல்லாத தன்னார்வலர் ஒருவரும் சில மணி நேரம் வந்து துணையிருக்க முடியும் என்று அவர் சொன்னார். “ஊசி போடக்கூடத் தெரியாதவர் வந்து என்ன செய்யப்போகிறார்?” என்று அண்ணன் கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் அண்ணனின் கேள்வி நியாயமானது. இப்படிப்பட்ட நேரத்தில் வெளியாள் ஒருவரை வீட்டுக்குள் விடுவது யாருக்கும் எளிதன்று. பல ஆண்டுகள் அத்தகைய வெளியாளாக வீடுகளுக்குச் சென்று வந்தவள் என்பதால், ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே மகள் ஒருவர் ஐந்து வாரங்களாகத் தந்தையைத் தனியாகக் கவனித்து வந்தார். மருந்து கொடுத்த நேரம், சிறுநீரின் அளவு, புரட்டிப் படுக்கவைத்த நேரம் எல்லாவற்றையும் கோடு போட்ட நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தார். நான் சென்ற முதல் நாள், அடுத்த மருந்துக்கு நேரமானதும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அந்த நோட்டையும் பேனாவையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கையில் ஒன்றும் இல்லாமல் சிறிது நேரம் நின்றவர், பிறகு கட்டிலை ஒட்டித் தரையில் அமர்ந்து, தந்தையின் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஐந்து வாரத்தில் இன்றுதான் அப்பாவுக்கு மகளாக இருந்தேன் என்று நான் கிளம்பும்போது அவர் சொன்னார். அன்று நான் செய்தது நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டுமே.

நோயாளியின் வலியையும் துன்பத்தையும் குறைப்பதையே நோக்கமாகக் கொண்ட நவீன நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு அடித்தளமிட்ட சிசிலி சாண்டர்ஸ், 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற, இறக்கும் நிலையில் உள்ளவர்களுக்கான பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கினார். செவிலியராகவும் பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்துவிட்டு, அதன் பின்னரே மருத்துவம் படித்தவர் அவர். இறக்கும் நிலையில் உள்ளவரின் வலி உடலோடு முடிவதில்லை. மனத்தின் வலி, குடும்பத்தையும் பொறுப்புகளையும் பற்றிய கவலை, வாழ்வின் பொருள் பற்றிய தவிப்பு ஆகியவை எல்லாம் சேர்ந்ததே ‘முழு வலி’ என்று அவர் வகுத்துச் சொன்னார். உடல் வலிக்கு உங்கள் வீட்டில் மருந்து இருக்கிறது. மற்றவற்றை இப்போது நீங்களும் அண்ணனும் மட்டுமே சுமக்கிறீர்கள்.

துணையாளர் மருந்து கொடுக்கமாட்டார், அளவை மாற்றச் சொல்லமாட்டார், இன்னும் எத்தனை நாள் என்று கணிக்கவும் மாட்டார். இவற்றில் எதையேனும் செய்பவராக இருந்தால் அவரை நீங்கள் நிறுத்திவிட வேண்டும். நீங்கள் குளித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கும்வரை அவர் அம்மாவின் அருகில் இருப்பார். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத்திணறல் வந்தால் யாரை அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாரை, உயிர் பிரிந்தபின் இறப்பை உறுதிசெய்து சான்று தருபவர் யார் என்பவற்றைச் செவிலியரிடம் இப்போதே கேட்டு, பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட உதவுவார். கடைசிக் கேள்வியை முன்கூட்டிக் கேட்பது அபசகுனம் என்று பலர் தயங்குகிறார்கள். கேட்காமல் விட்ட குடும்பங்கள் அந்த நள்ளிரவில் அழக்கூட நேரமின்றித் தொலைபேசியும் கையுமாக அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மாவோடு பேசுவதும் அவருடைய வேலைதான். பெற்ற பிள்ளைகளிடம் சொன்னால் மனம் நொந்துவிடுவார்கள் என்று அடக்கி வைத்திருப்பதை வெளியாளிடம் சொல்லிவிடுபவர்கள் உண்டு. அம்மா அனுமதித்தால், அவர் சொல்லச் சொல்ல ஒரு கடிதமாக எழுதித் தரலாம், குரலைப் பதிவு செய்யலாம், பழைய புகைப்படங்களின் பின்னால் யார் யார் என்று குறித்து வைக்கலாம். விருப்பமில்லை என்றால் எதையும் வற்புறுத்தக்கூடாது. கடைசி நாட்களை யாருக்கும் பாடத்திட்டமாக்கிவிட வேண்டாம்.

உங்கள் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. துணையாளர் வரும் முதல் நாள் நீங்களும் வீட்டிலிருங்கள். அம்மாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். நல்ல துணையாளர் அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: அப்பா மூன்று நாட்களாகக் கண் திறக்கவில்லை. சாப்பாடும் தண்ணீரும் நின்றுவிட்டன. பட்டினி போடுகிறோமோ என்று அம்மா துடிக்கிறார். வந்து போகும் உறவினர்கள் கட்டிலருகே நின்றே சொத்து விவகாரம் பேசுகிறார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் கேட்குமா?
– ஒரு மகன்

பதில்: கேட்கிறது என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், இறப்பதற்குச் சில மணி நேரமே இருந்த, எதற்கும் அசையாத நோயாளிகளில் சிலரின் மூளை, ஒலி மாறும்போது ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே பதில் காட்டியது. சொற்களின் பொருள் அவர்களுக்குப் புரிந்ததா என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆயினும் சொத்துப் பேச்சை அடுத்த அறைக்கு அனுப்ப இதுவே போதும். உங்களுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால், உறவில்லாத ஒருவரைக் கதவருகே நிறுத்தி அந்த வேலையை ஒப்படையுங்கள். உறவினரிடம் உரசல் வராமல் அதைச் செய்துவிடலாம்.

அப்பாவிடம் பேசும்போது முதலில் பெயரைச் சொல்லி, நான் வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். அவர் காதுக்கருவி பயன்படுத்தியவர் என்றால் அது இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் யாரையும் அடையாளம் காணவில்லை என்று எல்லாரும் கலங்கியிருந்தார்கள். அவருடைய மூக்குக்கண்ணாடி பத்திரமாக மேசை இழுப்பறையில் இருந்தது. துடைத்து மாட்டிவிட்டதும் மனைவியின் முகத்தில் அவர் பார்வை நின்றது.

பட்டினி பற்றி அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: சாப்பிடாததால் அப்பா இறந்துகொண்டிருக்கவில்லை, உடல் அடங்கி வருவதால் அதற்கு உணவு வேண்டியிருக்கவில்லை. இந்த நிலையில் வாயில் ஊற்றுவது மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும். வெறும் கையோடு பார்த்துக்கொண்டிருப்பது அம்மாவுக்குத் தாங்காது என்பதால், சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அப்பாவின் உதட்டையும் வாயின் உட்புறத்தையும் அவ்வப்போது ஈரப்படுத்தும் வேலையை அவரிடமே கொடுங்கள். மூச்சு சில நொடிகள் நின்று மறுபடி வரும், தொண்டையில் கரகரப்பு கேட்கும், கைகால் சில்லிடும் என்பதையும் செவிலியரைக் கொண்டு முன்பே சொல்ல வையுங்கள். அந்தக் கரகரப்பு பெரும்பாலும் நோயாளியைத் துன்புறுத்துவதில்லை, கேட்பவர்களைத்தான் உலுக்கிவிடும்.

கேள்வி: எட்டு வயது மகளைப் பாட்டியின் கடைசி நாட்களில் அருகே விடலாமா?
– ஒரு தாய்

பதில்: அவள் விரும்பினால் விடுங்கள். போவதற்கு முன், பாட்டி மெலிந்திருப்பார், பதில் பேசமாட்டார், மூச்சுச் சத்தம் வித்தியாசமாக இருக்கும் என்று பார்க்கப்போவதை அப்படியே சொல்லுங்கள். வேண்டாம் என்று தோன்றியதும் உடனே வெளியே வந்துவிடலாம் என்றும் சொல்லி, அழைத்து வருவதற்கென்றே ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். உங்களுக்கு அப்போது பாட்டியை விட்டு நகர இயலாமல் போகலாம்.

‘தூங்கப்போகிறார்’, ‘ஊருக்குப் போகிறார்’ என்று சொல்லாதீர்கள். தூங்கப் பயப்படும் குழந்தைகளையும், ஊருக்குப் போனவர் எப்போது வருவார் என்று மாதக்கணக்கில் கேட்கும் குழந்தைகளையும் கண்டிருக்கிறேன். ‘பாட்டி இறந்துவிடுவார்’ என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். நீ கோபப்பட்டதாலோ பேசாமல் இருந்ததாலோ இது நடக்கவில்லை என்பதை, அவள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். சொன்ன பத்து நிமிடத்தில் அவள் விளையாட ஓடினால் மனம் கல் என்று நினைக்க வேண்டாம். குழந்தைகள் துக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இரவு படுக்கும் நேரத்தில் மீண்டும் வந்து கேட்பாள், அப்போது அதே சொற்களில் பதில் சொல்லுங்கள்.