ஹீலியத்தை உள்ளிழுத்தால் குரல் ஏன் கீச்சென்று மாறுகிறது?

குரல்நாண்கள் வேகமாக அதிர்வதால்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவை தசையும் சவ்வும். நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பதைப் பெரும்பாலும் அவற்றின் இறுக்கமும் எடையும்தான் முடிவு செய்கின்றன. வாயு மாறினாலும் அந்தக் கணக்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

மாறுவது மேலே உள்ள குழாயில், அதாவது தொண்டையிலும் வாயிலும் நடக்கும் ஒத்ததிர்வு, அதாவது சில அதிர்வெண்களை மட்டும் குழாய் வலுவாக்குவது. குரல்நாணிலிருந்து கிளம்பும் ஒலியில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கும். அவற்றில் எதைத் தூக்கிக் கொடுப்பது என்பது குழாயின் அளவையும் அதற்குள் ஒலி ஓடும் வேகத்தையும் பொறுத்தது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். எடை குறைந்த ஹீலியத்தில் சுமார் 1000 மீட்டர். அதனால் உயர்ந்த அதிர்வெண்கள் தூக்கலாகி, கனமான குரலும் வாத்து கத்துவது போல ஆகிவிடுகிறது. வாயில் காற்றும் கலந்திருப்பதால் இப்படித் தூக்கலாகும் அதிர்வெண்கள் முழு மூன்று மடங்கு ஏறாது.

புல்லாங்குழலோடு ஒப்பிட்டால் இது நன்றாகப் புரியும். ஹீலியம் நிரம்பிய குழலில் சுருதியே ஏறிவிடும், ஏனென்றால் அங்கே அதிர்வது உள்ளே இருக்கும் வாயு. நம் குரலில் சுருதி பெரும்பாலும் அங்கேயே நிற்கும், நாதம், அதாவது குரலின் தன்மைதான் மாறுகிறது.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து இதைச் செய்து பார்க்காதீர்கள். பலூனிலிருந்து தொடர்ந்து இழுத்தால் ஆக்சிஜன் இல்லாமல் சில மூச்சிலேயே மயக்கம் வரும். சிலிண்டரில் நேரடியாக வாய் வைத்தால் அந்த அழுத்தம் நுரையீரலையே கிழித்துவிடும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.