நர்சரியில் ஆயிரக்கணக்கில் வளர்க்கிற மரத்தை ஏன் இன்னும் ‘அழியும் நிலையில்’ என்கிறார்கள்?

ஆஸ்திரேலியக் காட்டு மரமான வொல்லமி பைனைக் குறிப்பிட்டு, கடையில் காசு கொடுத்தால் கிடைக்கிற மரம் எப்படி அழியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சிட்னியில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தொட்டியில் ஆறு வருடமாக இந்த மரம் நிற்கிறது. குளிர்காலம் வந்தால் ஒவ்வொரு கிளை நுனியும் மெழுகில் முக்கி எடுத்தது போல வெள்ளைத் தொப்பி போட்டுக்கொள்ளும். பனியிலிருந்து குருத்தைக் காப்பாற்ற அது செய்கிற ஏற்பாடு. வாங்கி வந்த நாளில் எனக்கும் உங்கள் கேள்விதான் எழுந்தது.

1994 செப்டம்பரில் டேவிட் நோபிள் என்ற தேசியப் பூங்கா ஊழியர், சிட்னிக்கு வடமேற்கே சுமார் 150 கிலோமீட்டரில் ஒரு குறுகலான மலைப்பிளவுக்குள் இறங்கியபோது இதைக் கண்டார். இந்த வம்சத்தோடு தொடர்புள்ள மகரந்தப் புதைபடிவங்கள் சுமார் 9 கோடி ஆண்டுகள் பழையவை. காட்டில் இருக்கும் முதிர்ந்த மரங்கள் 100-க்கும் குறைவு. அதிலும் பல மரங்கள், வாழை பக்கக்கன்று விடுவது போல ஒரே தூரிலிருந்து பல தண்டுகள் விட்டு நிற்பவை. ஆரம்பத்தில் மரபணுச் சோதனை செய்தவர்களுக்கு மரத்துக்கு மரம் எந்த வேறுபாடும் தெரியவில்லை. பிறகு நுட்பமான சோதனைகளில் சிறிய வேறுபாடுகள் கிடைத்தன. ஆனால் அவை மிகவும் சொற்பம்.

வாழை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தாத்தாவுக்குக் கீழ்ப்பழனி மலையில் கொஞ்சம் காப்பித் தோட்டம், ஊடே விருப்பாச்சி வாழை. வாழைக்கு விதை கிடையாது, கன்றுதான். மலை முழுக்க ஒரே வாழையின் நகல்கள். முடிக்கொத்து நோய் வந்தது. அசுவினிப் பூச்சி பரப்பியது, நோயுள்ள கன்றை நட்டவர்கள் தெரியாமலே பரப்பினார்கள். எதிர்த்து நிற்க ஒரு வாழைக்கும் தெம்பு இல்லை. பிற்பாடு திசு வளர்ப்பில் நோயற்ற கன்றுகளைத் தயாரித்து விருப்பாச்சியை ஓரளவு மீட்டார்கள். ஆனால் தாத்தா கடைசிவரை ‘ஒண்ணு போச்சுன்னா எல்லாம் போச்சு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் தொட்டி மரமும் அப்படித்தான். முருங்கைப் போத்து நடுவது போல, தாய் மரத்தின் துண்டிலிருந்து முளைக்க வைத்தது. இப்படி லட்சம் தொட்டிகள் இருந்தாலும், மரபணுக் கணக்கில் அவை ஒரு சில மரங்கள்தான்.

இத்தனை கோடி வருடம் பிழைத்த மரம் இனிமேலும் பிழைக்காதா என்று சிலர் கேட்பதுண்டு. அது பிழைத்தது ஈரமும் குளிர்ச்சியும் உள்ள, தீ எளிதில் எட்டாத ஒரு பிளவுக்குள். இப்போது அங்கே ஆள் போகிறான். 2005-ல் காட்டு மரங்களில் பைட்டோப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் கிருமியைக் கண்டார்கள். அனுமதியில்லாமல் போனவர்களின் செருப்பு மண்ணில் போயிருக்கலாம் என்று கருதுகிறார்கள். 2019-20-ல் ஆஸ்திரேலியாவில் பரவிய பெரும் காட்டுத்தீயின்போது ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கி, நீர்த்தெளிப்பான் போட்டுத்தான் மரங்களைக் காத்தார்கள். முதிர்ந்த மரங்கள் பெரும்பாலும் தப்பின. இளங்கன்றுகள் நிறையப் போயின.

ஆகவே இப்போது செய்கிற வேலை வேறு மாதிரி. இருக்கிற அந்தச் சொற்ப வேறுபாட்டையும் விடாமல் சேர்த்து, பல இடங்களில் பிரித்து வைக்கிறார்கள். 2023-ல் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் உள்ள தாவரவியல் பூங்காக்களுக்கு அப்படிப் பொறுக்கியெடுத்த 170-க்கும் மேற்பட்ட கன்றுகள் போயின. ஒரு தோட்டத்தில் நோய் விழுந்தாலும் இன்னொன்றில் அதே வகை இருக்கும். என்னைக் கேட்டால், கடைகளில் விற்ற அத்தனை தொட்டிகளையும்விட இந்த 170 பெரிது.

அதற்காக வாங்குவது வீண் என்று சொல்ல மாட்டேன். விற்பனையில் ஒரு பங்கு பாதுகாப்புப் பணிக்குப் போயிருக்கிறது. வீட்டுக்கு வீடு கிடைத்ததால் காட்டு மரத்தைத் திருடுகிற ஆசையும் குறைந்தது. வாங்குங்கள், தொட்டியில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டில் அது நிற்கும் இடத்தை அரசு ரகசியமாக வைத்திருக்கிறது. அதைத் தேடிப் போகாதீர்கள். இங்கே சில காட்டு நடைபாதைகளின் தொடக்கத்தில் ஒரு தூரிகையும் கிருமிநாசினியும் வைத்திருப்பார்கள். அப்புறம் நடக்கலாம், முதலில் செருப்படி மண்ணைத் தேய்த்துவிடுங்கள்.